சிராப் கலக்கும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

வணக்கம். தைப்பூசத்துக்குப் பினாங்கு ஜாலான் உத்தாமாவில் போடும் தண்ணீர்ப் பந்தலில் நீங்கள் சிராப், அதாவது சீனிப்பாகுத் தண்ணீர், கலப்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன். வெயிலில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கிறவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஐஸ் போடுவதற்கு முன்னாலேயே ருசி பார்த்துவிடுங்கள்.

இப்போது ஐஸ் கட்டிகளைக் கொட்டிக் கிளறிய பிறகுதான் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக் குடித்துப் பார்க்கிறீர்கள். "இனிப்பு பத்தலையே" என்று இன்னொரு பாட்டிலைச் சரிக்கிறீர்கள். ஐஸ் கரைந்து கொஞ்சம் நீர்த்துப்போவது உண்மைதான். ஆனால் சீனி அதே அளவில் இருந்தாலும், குளிரில் நாக்கு அதைக் குறைத்தே சொல்லும்.

காரணம் சுவை மொட்டுக்குள் இருக்கிறது. இனிப்பை உணரும் செல்லின் நுனியில் டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து ஓர் ஏற்பியாக நிற்கின்றன. இந்த ஜோடி தெரியவந்ததே 2001-ல்தான். சீனி மூலக்கூறு அதில் ஒட்டியதும் செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியம் வெளிப்படுகிறது. அந்தக் கால்சியம் டிஆர்பிஎம்5 என்ற வாசலைத் திறந்துவிட, சோடியம் உள்ளே பாய்கிறது, செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. உடனே செல் ஏடிபியை வெளியே விடுகிறது. உடம்பெல்லாம் எரிபொருளாகப் பயன்படும் அதே ஏடிபி இங்கே தூது போகிறது, எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான். பக்கத்து நரம்பு அதை வாங்கி மூளையின் அடியில் உள்ள முகுளத்துக்கு அனுப்ப, மூளை நடுவிலுள்ள தாலமஸ் வழியாக மூளைப் புறணிக்குப் போய்ச் சேர்கிறது. "இனிக்குது" என்று நமக்குத் தெரிவது அப்போதுதான்.

சிக்கல் அந்த டிஆர்பிஎம்5 வாசலில். அது சூட்டில் நன்றாகத் திறக்கும், குளிரில் மந்தமாகிவிடும். 2005-ல் வந்த ஓர் ஆய்வில், எலிகளின் நாக்குச் சூடு 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறியபோது இனிப்புக்கு நரம்பு காட்டிய துடிப்பு மிகவும் கூடியது. அந்த வாசலே இல்லாத எலிகளிடம் அப்படிக் கூடவில்லை.

சந்தேகம் இருந்தால் ஐஸ் போடாத கலவையில் இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றை மூடி ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்ததும் இரண்டையும் மாறி மாறிக் குடித்துப் பாருங்கள்.

நாக்கு ஏமாந்தாலும் குடல் ஏமாறாது அண்ணே. வயிற்றுக்குள் போனதும் குளிர்ச்சி போய்விடும், ஊற்றிய சீனி அத்தனையும் ரத்தத்தில் ஏறும். வரிசையில் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள பெரியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பந்தலில் கொடுப்பதை அவர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை, பிரசாதம் மாதிரி வாங்கிக் குடிக்கிறார்கள்.

அதனால் ஐஸ் இல்லாமலே ருசி பார்த்து, சரியாக இருக்கிறது என்று தோன்றியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் ஐஸ் போட்டுவிட்டு யாராவது "சப்புன்னு இருக்கு" என்றால் இருக்கட்டும், தாகம் தீரத் தண்ணீர்தான் வேண்டும். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் டிரம் ஒன்றும் வையுங்கள். அதை நிரப்ப இந்த முறை காலையிலேயே நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பந்தலில் வருஷா வருஷம் குடிக்கும் தம்பி