அமெரிக்காவில் ட்ரக் ஓட்ட லைசென்ஸ் எடுக்கப்போகும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

சி.டி.எல். (பெரிய வணிக வண்டிகளை ஓட்டும் லைசென்ஸ்) எடுப்பது என்று முடிவானதும் பலர் முதலில் பயிற்சிப் பள்ளிக்குப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதலில் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். மத்திய அரசின் பதிவேட்டில் பெயருள்ள மருத்துவ ஆய்வாளரிடம்தான் போக வேண்டும். ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தால்தான் முழுசாக 2 ஆண்டுச் சான்று கிடைக்கும். கட்டின பணம் போன பிறகு இதில் சிக்கிக்கொண்டால் வேதனை.

அடுத்தது பள்ளி. 2022 பிப்ரவரி 7 முதல், ஏ (டிரெய்லரோடு சேர்ந்த பெரிய வண்டி) அல்லது பி (தனிப் பெரிய வண்டி) வகுப்பு லைசென்ஸை முதல்முறை எடுப்பவர்கள் மத்திய அரசின் பயிற்சியாளர் பதிவேட்டில் இருக்கும் இடத்தில்தான் பயில வேண்டும். அதில் இல்லாத பள்ளியில் எவ்வளவு நன்றாக ஓட்டக் கற்றாலும் ஓட்டுநர் தேர்வில் உட்கார முடியாது. பாடத் தேர்வில் 80 சதவீதம் தேவை. ஆனால் வண்டியில் இத்தனை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்று மத்திய விதியில் குறைந்தபட்சக் கணக்கு கிடையாது. ஆகவே, சேரும் முன்பே "ஸ்டீயரிங் என் கையில் எத்தனை மணி நேரம் இருக்கும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கற்றுக்கொள்பவருக்கான பெர்மிட் கையில் வந்து 14 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வு.

இந்த மடலை எழுத முக்கியக் காரணம் ஏர் பிரேக் (காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக்) சோதனைதான். அதில் ஒரு படி தவறினாலும் வண்டி ஆய்வுத் தேர்வு முழுவதும் தோல்வி. தேர்வு ஆங்கிலத்தில்தான், மொழிபெயர்ப்பாளருக்கு அனுமதி இல்லை. அதனால் நம்மவர்கள் ஆங்கில வரிகளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். கை ஒன்று செய்ய, வாய் வேறொன்று சொல்கிறது.

முதலில் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பார்க்கிங் பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங். பிரேக் குமிழைத் தள்ளி அதற்குக் காற்று போனால் அது விடும், கட்டை இல்லையென்றால் வண்டி உருளும். காற்று முழுதாக ஏறியதும் இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வையுங்கள். ஆஃப் செய்துவிட்டால் எச்சரிக்கை விளக்கும் பஸ்ஸரும் வேலை செய்யாது. டாஷ்போர்டில் உள்ள மஞ்சள் (வண்டியின் பார்க்கிங் பிரேக்), சிவப்பு (டிரெய்லருக்குக் காற்று) இரண்டு குமிழ்களையும் உள்ளே தள்ளுங்கள். சிவப்பு வெளியே இருந்தால் டிரெய்லருக்குக் காற்றே போகாது, அங்கே உள்ள கசிவு தெரியாது. பிரேக்கை அழுத்தியதும் காற்றழுத்தமானியின் முள் சட்டென்று கொஞ்சம் இறங்கும்; அது இயல்பு. அது நின்ற பிறகுதான் ஒரு நிமிடத்தை எண்ணத் தொடங்க வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். டிரெய்லரோடு சேர்ந்த வண்டியில் அந்த நிமிடத்தில் 4 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அலகு) மேல் குறையக் கூடாது, தனி வண்டியில் 3.

பிறகு பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். அழுத்தம் 55 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்குவதற்குள் எச்சரிக்கை வர வேண்டும். தொடர்ந்து மிதித்தால் 20-க்கும் 45-க்கும் இடையில் குமிழ்கள் தாமாக வெளியே துள்ளும். முள்ளைப் பார்த்து, அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். எண்ணைச் சொல்லாமல் "சரியாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், நீங்கள் முள்ளைப் பார்த்தீர்களா என்று தேர்வாளருக்கு எப்படித் தெரியும்?

ஐந்தாம் சக்கரத்தை (டிரெய்லரை ட்ரக்கோடு இணைக்கும் தட்டு) டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். டிரெய்லரின் தட்டுக்கும் அதற்கும் இடையில் இடைவெளி இருக்கக் கூடாது. அதன் தாடைகள் கிங்பின்னின் (டிரெய்லருக்கு அடியில் நீட்டியிருக்கும் இணைப்பு முளை) தலையை அல்ல, தண்டைக் கவ்வியிருக்க வேண்டும். முன் டயரின் பள்ளம் குறைந்தது அங்குலத்தில் 32-இல் 4 பங்கு ஆழம் இருக்க வேண்டும், மற்றவற்றில் 2 பங்கு. ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பார்க்க அனுமதி உண்டு, ஆனால் நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக் இழுத்த பிறகே இறங்குங்கள்.

எந்த வண்டியில் தேர்வு எழுதுகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் லைசென்ஸில் 'ஈ' தடை விழும், கியர் வண்டி ஓட்ட முடியாது. காற்றும் ஹைட்ராலிக்கும் கலந்த பிரேக் என்றால் 'இசட்'. அதை நீக்க முழு ஏர் பிரேக் வண்டியில் மறுபடி தேர்வு கொடுக்க வேண்டிவரும்.

அன்புடன்,
லைசென்ஸ் பயிற்சி தரும் சில தமிழ் ஓட்டுநர்கள்