கையெழுத்துப் போடும் முன்

பெங்களூரு, மல்லேசுவரம்

அன்புள்ள முத்தையா,

பேத்தி பிறந்த சேதியை வாசித்ததும் இவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பொங்கலுக்கு வந்து பார்க்கிறோம்.

மண் பாக்டீரியா ஆய்வுக்கு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கூட்டுச் சேரக் கேட்கிறது, ஆளை நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். அது அப்புறம். உன் கையை விட்டு என்னென்ன வெளியே போகப் போகிறது என்று முதலில் பார்.

பட்டுத்தான் சொல்கிறேன். போன மாதம் எங்கள் ஆய்வகத்தில் வெளிநாட்டுக் கூட்டாளிகளைப் பற்றி இரண்டு நாள் கூட்டம். எந்த நாடு, யார் பணம் என்று ஒரே அலசல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காப்பியோடு உட்கார்ந்து, எங்கள் தரவு டிரைவைத் திறக்க யாருக்கெல்லாம் அனுமதி என்று பார்த்தேன். திட்டத்தில் இருப்பவர்கள் 9 பேர். பட்டியலில் 22 பெயர்! எப்போதோ படிப்பு முடித்துப் போன மாணவன், கருவி பழுது பார்க்க வந்தவர், எல்லாரும் இருந்தார்கள். ஒரு ஃபோல்டரை லிங்க் கையில் உள்ள எவரும் திறக்கலாம். அப்படித் திறந்து வைத்தது யார்? சாட்சாத் நானேதான். காப்பி ஆறிப்போயிற்று.

சரி, உன் விஷயம். பாக்டீரியா மாதிரியைக் கூரியரில் போட்டுவிடாதே. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னை தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டியிருக்கும். அரசு ஒப்புதல் பெற்ற கூட்டுத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. உன்னுடையது அதில் வருமா என்று எழுதிக் கேள். ஸ்கோமெட் பட்டியலையும் புரட்டு; ஆயுதத்துக்கும் உதவக்கூடிய பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசு வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பட்டியல் அது. நுண்ணுயிர்களுக்கும் நச்சுகளுக்கும் அதில் தனிப் பகுதியே இருக்கிறது. பட்டியலில் உள்ள தொழில்நுட்பம் மின்னஞ்சலில் போனாலும் ஏற்றுமதிதான்.

அதற்காகப் பாஸ்போர்ட்டைப் பார்த்து யாரையும் சந்தேகப்படாதே. அந்த வலி நமக்குத் தெரியும். பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா போட்ட கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வெளியே வந்தது 2025 ஜனவரியில்தான். அங்கே வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் நம்மைப் போல வெறும் வாத்தியார் மனசுக்காரர்கள்!

ஒப்பந்த வரைவை அனுப்பு. தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரை வெளியிட யார் சம்மதம் வேண்டும் என்ற இரண்டு பத்தியையும் நானே உட்கார்ந்து படிக்கிறேன். அதுவரை பேனாவை மூடியே வை.

உன்,
ராஜு