ஒதியங்கிளையில் வாத்து முட்டை

பொறையாறு
7 ஏப்ரல் 2026

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. ஈஸ்டர் அன்று மட்டும் கொஞ்சம் ஏறியது, காரணம் உனக்கே தெரியும்.

போனில் பேச வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, பொடியன் உன்னைப் பேச விடுவதில்லை. அதனால்தான்.

மார்ச் முதல் வாரம் அவன் வீடியோவில் ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினானே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே ஏழெட்டு மொட்டைக் குச்சி. "ஃபோர்சித்தியா, தாத்தா. மஞ்சளாப் பூக்கும். அப்புறம் முட்டை மாட்டணும். உங்க கிளை எங்கே?" என்றான். ஈஸ்டருக்குக் கிளை வெட்டி வைத்து முட்டை தொங்கவிடுகிற உங்கள் ஜெர்மனிப் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்றதை அவன் நம்பவே இல்லை. கிளை இல்லாத வீட்டுக்கு ஈஸ்டர் எப்படி வரும் என்பது அவன் கவலை. நீ அவனை ஜெர்மனில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, "இங்க குருத்தோலையா கிடைக்குது, ஏதோ இதை வெச்சு ஒப்பேத்துறேன்ப்பா" என்றாய். தப்புப் பண்ணிவிட்டு ஒத்துக்கொள்கிற பிள்ளை மாதிரி சொன்னாய். அந்தக் குரல் இரண்டு நாள் காதிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் தொரட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

32 வருஷம் கரண்ட் கம்பியில் உரசுகிற கிளையைக் கழித்தவன் நான். எந்த மரம் எங்கே முறியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் வேலைக்குப் போய், எத்தனை மரம் அறுத்தோம் என்று கணக்கே கிடையாது. ஆனால் வீட்டுக்குள் கொண்டுவந்து அழகுக்கு வைக்க என்று ஒரு கிளையை வெட்டியதில்லை. மரத்தடியில் நின்றுகொண்டு எதை வெட்டுவது என்று தெரியாமல் முழித்தேன், போ.

முதலில் முருங்கை. வெள்ளைப் பூ கொத்துக்கொத்தாக இருந்ததே என்று ஆசைப்பட்டேன். சாயங்காலத்துக்குள் இலை தொங்கிவிட்டது. கூடவே இரண்டு கம்பளிப்பூச்சி இறங்கி அம்மாவின் தலையணைப் பக்கம் போனது. அதோடு அந்தக் கிளையின் கதை முடிந்தது. அடுத்தது வேலியோரக் கல்யாணமுருங்கை. இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றது, உன் ஃபோர்சித்தியா மாதிரி பூவுக்கு அப்புறம்தான் இலை. பார்க்க அதுதான் ராஜா. ஆனால் உள்ளே கொண்டுவந்து வைத்ததும் பூவை உதிர்க்க ஆரம்பித்தது. முள் வேறு, எதைத் தொங்கவிடப் போனாலும் கையைக் கிழிக்கிறது.

கடைசியில் ஒதியன். "ஒதி பெருத்தால் உத்திரம் ஆகுமா" என்று உன் தாத்தா என்னை வாழ்நாள் பூரா திட்டிய அதே மரம். மாசி, பங்குனியில் இலையெல்லாம் கொட்டி, செத்த மரம் மாதிரி நிற்கும். ஆனால் வெட்டி நட்டால் தழைக்கும், அதனால்தானே வேலிக்காலுக்கு அதைத் தேடிப் போகிறோம். விரல் பருமனில், கவை விட்ட கிளையாக ஐந்து வெட்டினேன். நீ சொன்னபடியே அடியைச் சாய்வாக அரிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டேன். வெட்டுவாயில் பிசின் கட்டிக்கொண்டது, மறுபடி கொஞ்சம் அரிந்துவிட்டேன். ஜாடிக்கு நம் பழைய பித்தளைத் தவலைதான். கிளை சாயாமல் இருக்க, நான் ரிட்டயர் ஆகும்போது ஞாபகத்துக்கு எடுத்து வந்த உடைந்த பீங்கான் இன்சுலேட்டரை அடியில் வைத்துச் சுற்றி ஆற்று மணலைப் போட்டேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றினேன். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடினால் ஜூன் வரை நமக்குப் புழுதிதான். எல்லாம் போர் தண்ணீர்.

உன் சித்தப்பா வந்தார். பார்த்தார். "இதென்ன அண்ணே, வெள்ளைக்காரன் பழக்கத்தை வீட்டுக்குள்ள கொண்டுவர்றீங்க" என்றார். டிசம்பரில் அவர் வீட்டில் சவுக்குக் கிளையை வெட்டிப் பஞ்சு ஒட்டி வைக்கிறாரே, அது எந்த ஊர்ப் பழக்கமாம்? அதுவும் உன் ஜெர்மனியிலிருந்து வந்ததுதான். அங்கே ஊசியிலை மரம், கடலோரத்தில் நமக்கு வாய்த்தது சவுக்கு. இதைக் கேட்டதும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நீயும் இதைக் கேட்டுக்கொள். குருத்தோலை ஞாயிறுக்கு உங்கள் பக்கம் பனையோ தென்னையோ இல்லாததால் பூனைக்குட்டி ரோமம் மாதிரி மொட்டு விடுகிற வில்லோ கிளையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்கள் என்று நீதான் சொன்னாய். அவர்களும் ஒப்பேற்றியவர்கள்தானே. நம் வேதத்தில் வில்லோவுக்கு 'அலரி' என்று போட்டிருக்கிறது. உன் அம்மா அதை நம்பி வாசல் அரளியை வெட்டப் போய்விட்டாள்! நல்லவேளை, பாலைத் தொட்டுக் கண்ணில் வைக்கும் முன் தடுத்தேன். அரளி வீட்டுக்குள் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் வந்து போகிற இடம்.

இப்போது முட்டை. நம் ஊர்ப்பக்கம் சம்பா அறுவடை முடிந்ததும் அறுத்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் வருவார்கள் இல்லையா, அவர்களிடம் ஒரு டஜன் வாங்கினேன். வாத்து முட்டை ஓடு கெட்டி, ஆளும் பெரிசு. முதல் முட்டையைக் கோணி ஊசியால் குத்தினேன், கைக்குள்ளேயே உடைந்தது. அப்புறம் அம்மாவின் தையல் ஊசியால் மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி மேலே ஒரு துளை, கீழே அதைவிடக் கொஞ்சம் பெரிய துளை. ஊசியை உள்ளே விட்டு மஞ்சள் கருவைக் கலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளியே வராது. வாயால் ஊதி மூன்று முட்டைக்குள் கன்னம் வலித்துவிட்டது. மெடிக்கலில் ஊசி இல்லாமல் ஒரு சிரிஞ்ச் வாங்கி வந்து மேல் துளையில் காற்றை அழுத்தினேன், கீழே சொத்தென்று கொட்டியது. இதை நீயும் செய்து பார்.

கொட்டியதை என்ன செய்வது? ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாளில் அம்மா முட்டை தொட மாட்டாள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் இதே கதைதானாம். நாற்பது நாள் முட்டை விலக்கு, கோழிக்கு அது தெரியுமா, அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்துபோனதை அவித்துச் சாயம் போட்டுப் பண்டிகைக்கு வைத்தார்கள். நான் தூக்குவாளியோடு அடுத்த வீட்டு பாய் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் நோன்பு முடிந்து பெருநாளும் ஆகிவிட்டிருந்தது. பதினொரு வாத்து முட்டையில் வட்டலப்பம் செய்து, ஈஸ்டர் அன்று ஒரு கிண்ணம் திரும்பி வந்தது. அம்மாவின் சர்க்கரைக்குக் காரணம் அதுதான்.

ஒரு தப்புச் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக்குள் தண்ணீர் விட்டு ஒருமுறை மட்டும் அலசினேன். விடிந்து பார்த்தால் சுவரிலிருந்து தவலை வரை சிற்றெறும்பு ஊர்வலம். சோப்புத் தண்ணீர் ஏற்றி இரண்டு மூன்று தடவை குலுக்கி, துளை கீழே இருக்கும்படி வெயிலில் வைத்தால்தான் சுத்தமாகிறது. நம் ஊர் எறும்புக்கு உங்கள் ஊர்க் கைப்பக்குவம் போதாது.

சாயம் அம்மாவின் இலாகா. வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்து ஒரு கருஞ்சிவப்பு, மஞ்சளில் ஒரு மஞ்சள், வேலியில் படர்ந்த சங்குப்பூவில் நீலம். எல்லாவற்றிலும் கொஞ்சம் வினிகர் விட்டால் ஓடு நிறத்தை நன்றாகப் பிடிக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்திச் சிவப்பும் செய்து பார்த்தாள், அது மட்டும் மறுநாளே மங்கிவிட்டது. அப்புறம் நீ போன வருஷம் படம் அனுப்பினாயே, ஜெர்மனியின் லவுசிட்ஸ் பக்கத்துச் சோர்பிய மக்கள் வாத்திறகு நுனியை வெட்டி மெழுகில் தொட்டு முட்டை மேல் முக்கோணம் முக்கோணமாக வைப்பது, ஓநாய்ப் பல் என்று சொன்னாயே, அதை அம்மா மறக்கவில்லை. "இது புள்ளிக் கோலம்தானே" என்று சொல்லி ஈர்க்குச்சியை உருகிய மெழுகுவத்தியில் தொட்டுப் புள்ளி வைத்தாள். மெழுகு இருந்த இடத்தில் சாயம் ஏறாது. அந்தக் காலத்துக் கோடாலிக்கருப்பூர்ச் சேலையிலும் இந்த வேலை உண்டு. முதல் முட்டையைச் சூடான வெங்காயத் தோல் தண்ணீரில் போட்டாள், மெழுகு உருகிக் கோலம் போயே போய்விட்டது. சாயம் ஆறியபிறகுதான் போட வேண்டும். காய்ந்ததும் விளக்குச் சூட்டில் லேசாகக் காட்டித் துணியால் துடைத்தால் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று வருகிறது. ஒன்பது புள்ளிக் கோலம் வாத்து முட்டை மேல் வளைந்து வந்திருப்பதை நீ நேரில் பார்க்க வேண்டும். படத்தில் அது வராது.

சோர்பியர் இருக்கிற அந்தப் பக்கம்தானே புல்ஸ்நிட்ஸ்? டிரெஸ்டனிலிருந்து ரயிலில் போய், நம் மிஷனரி சீகன்பால்கு ஐயர் பிறந்த ஊர் என்று படம் எடுத்து அனுப்பினாயே. அவர் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், 1719இல் இங்கேயே அடக்கமாகிவிட்டார். நீ அவர் ஊர்ப் பக்கத்தில் குடியிருக்கிறாய். அவர் கட்டிய புது எருசலேம் கோயிலில் உனக்கு ஞானஸ்நானம் ஆனது. இதை நினைத்துக்கொண்டேதான் முட்டைக்கு நூல் கட்டினேன். பாதித் தீக்குச்சியின் நடுவில் நூலைக் கட்டி, துளை வழியே நெட்டாக உள்ளே விட்டு இழுத்தால் குறுக்கே மாட்டிக்கொள்கிறது. இது யார் கண்டுபிடித்ததோ, லைன்மேன் புத்தி!

தொங்கவிட்டதும் இன்னொரு சிக்கல். ஃபேன். போட்டால் முட்டைகள் ஒன்றோடொன்று மோதி டக் டக் என்கின்றன, நிறுத்தினால் நாங்கள் அவிகிறோம். முதல் ராத்திரியே இரண்டு போயிற்று. உங்கள் ஊரில் இந்தத் தொல்லை கிடையாது. கடைசியில் தவலையை ஜெப மேசைக்கு, காற்று படாத மூலைக்கு மாற்றினேன். உடைந்த இடத்தை நிரப்ப, மாட்டுப் பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த நெட்டி மாலையைப் பிரித்துத் தொங்கவிட்டோம். நெட்டிக்கு எடையே கிடையாது, மெல்லிய கிளை கூட வளையவில்லை. குருத்தோலை ஞாயிறு அன்று அம்மா முடைந்த கிளி நான்கு, மணி இரண்டு. சனிக்கிழமை ஒரு கொத்து வேப்பம்பூவும் செருகினேன், விடிவதற்குள் தரையெல்லாம் பூ. அதைக் கூட்டி அள்ளிக் காயவைத்திருக்கிறாள், ரசத்துக்கு.

சால்ஃபெல்ட் ஊரில் ஒரு குடும்பம் 1965இல் 18 பிளாஸ்டிக் முட்டையோடு ஆரம்பித்து ஒரே ஆப்பிள் மரத்தில் பத்தாயிரம் வரை தொங்கவிட்டார்கள் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. நம் கணக்கு ஒன்பது. பொடியன் தபாலில் அனுப்பிய காகித முட்டையையும் சேர்த்தால் பத்து. அது உச்சிக் கிளையில் இருக்கிறது என்று அவனிடம் சொல்.

பெரிய வெள்ளி வரைக்கும் வெறும் குச்சிதான். இந்த வருஷம் புதன்கிழமை பங்குனி உத்திரம், தெருவில் காவடி போனது, வெள்ளிக்கிழமை நமக்கு மூன்று மணி நேர ஆராதனை. இரண்டும் பௌர்ணமிக் கணக்கு, அதனால் பல வருஷம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் வரும். ஞாயிறு விடியற்காலை கோயிலுக்குப் போய், எல்லாரிடமும் "உயிர்த்தெழுந்தார்" சொல்லிவிட்டு வந்து கதவைத் திறந்தால், அம்மாதான் முதலில் பார்த்தாள். கிளை நுனிகளில் செம்பட்டை நிறத்தில், பூனைக்காது அளவுக்குத் துளிர். ஐந்தில் மூன்று கிளையில். அவள் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மத்தியானம் பாய் வீட்டுப் பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்தார்கள். சின்னது கேட்டது: "தாத்தா, உங்க கிறிஸ்மஸ் மரம் காஞ்சு போச்சா?" ஆளுக்கொரு நெட்டி கொடுத்து அனுப்பினேன். ஒரு முட்டையையும் கேட்டார்கள். கோலம் போட்டது தவிர எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா.

துளிர்த்த மூன்றையும் இந்த வாரம் வேலியில், நீ சின்ன வயதில் ஊஞ்சல் கட்டிய இடத்தில் நடப்போகிறேன். ஜூனில் தண்ணீர் வரும்வரை குடத்தில் ஊற்றிக் காப்பாற்றிவிடலாம். அடுத்த வருஷம் கிளைக்கு அலைய வேண்டாம். ஆவணிக்கு மேல் நீங்கள் வருவதாக இருந்தால் பொடியன் உயரத்துக்கு இருக்கும்.

அந்த வாத்திறகு மெழுகுக் குச்சி ஒன்று வாங்கி அனுப்பு. அம்மாவுக்கு ஈர்க்குச்சி போதவில்லையாம்.

அன்புடன்,
அப்பா

பி.கு. படம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். பின்னால் கட்டிலில் கிடக்கிற துணியைப் பார்க்க வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னாள்.