வேரில் கட்டிய பை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சேதி மகிழ்ச்சி. இங்கே இன்னும் மழை பிடிக்கவில்லை.

தென்னை டானிக் (ஊட்டச்சத்துக் கரைசல்) பையை வேரில் கட்டி மூன்று நாளாகியும் பாதிகூட இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். டானிக்கைக் குறை சொல்லாதே. இழுப்பது வேரல்ல, ஓலை. வெயிலில் ஓலை நீரை ஆவியாக விட, மரத்துக்குள் நீரைக் கடத்தும் சைலம் குழாய்களில் அறுபடாமல் நிற்கும் நீர் முழுவதும் மேலே ஏறுகிறது. உறிஞ்சும் பம்பால் பத்து மீட்டருக்கு மேல் நீரை இழுக்க முடியாது. இருபது மீட்டர் தென்னையோ சத்தமில்லாமல் இழுக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதே காரணம் என்று டிக்சன், ஜோலி என்ற விஞ்ஞானிகள் 1894-இல் சொன்னார்கள்.

இழுவிசையில் இருக்கும் குழாயை வெட்டினால் முதலில் உள்ளே பாய்வது காற்று. காற்று அடைத்த குழாயில் நீர் ஏறாது. அதனால் பையைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு பிறகு வேரை வெட்டு. தூரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மண்ணைப் பறித்து, பென்சில் கனத்தில், இளஞ்சிவப்பான, கெட்டியான உயிர்வேராகப் பார். கூரான கத்தியால் சாய்வாக வெட்ட வேண்டும். மொக்கைக் கத்தி குழாய்களின் வாயை நசுக்கிவிடும். வெட்டுமுனை பையின் அடியைத் தொடும்படி நுழைத்துக் கட்டு. தாமதமாகிவிட்டால் ஓர் அங்குலம் தள்ளி மறுபடி வெட்டிக்கொள். தூறல் நாளில் கட்டாதே, ஓலை இழுக்காது. மறுநாளும் மட்டம் இறங்காவிட்டால் வேறு வேர் பார்.

அதே பையில் போரான் சத்துக்கான போராக்ஸ் உப்பும் கலக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். மண்ணிலிருந்து வருவதை வேருக்குள் இருக்கும் அகத்தோல் என்ற அடுக்கு சலித்துத்தான் உள்ளே விடும். வெட்டிய வேரில் அந்தக் காவல் கிடையாது. அளவு மீறிய உப்பு நேரே ஓலைக்குப் போய் நுனியைக் கருக்கும். போராக்ஸை மண்ணில், மரத்துக்கு 50 கிராம் வை.

குருத்து விரியாமல் முறுக்கிக்கொண்டு வருவதால் போரான் குறைதான் என்று நினைக்கிறேன். போரான் நீரோடு மேலே போகும். ஆனால் தென்னையில் முதிர்ந்த ஓலையை அடைந்தால் ஓலையில் உண்டாகும் உணவைக் கடத்தும் புளோயம் குழாய் வழியாகப் புதுக்குருத்துக்குத் திரும்பி வருவது அரிது. மடிந்த குருத்து நீரை அதிகம் ஆவியாக்காது, அதனால் அதற்குப் பங்கும் குறைவு. பொட்டாஷும் மக்னீசியமும் அப்படியல்ல. குறைந்தால் மரம் அடிமட்டையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுக்கும், அடிமட்டை மஞ்சளாகும். அங்கே மஞ்சள் கண்டால் மண்பரிசோதனை செய்துவிட்டு, மக்னீசியம் சல்பேட் ஆண்டுக்கு அரைக் கிலோ வரை கொடுக்கலாம்.

தண்டில் துளைபோட்டு மருந்து விட ஆள் வருகிறான் என்றாயே, விடாதே. வேம்பு, மா போலப் பட்டைக்குள் புதுக்குழாய்களை உண்டாக்கும் வளர்படலம் தென்னைக்கு இல்லை. அறுந்த குழாய்க்குப் பதில் புதுக்குழாய் வராது, துளையும் மூடாது.

அடுத்த பை எத்தனை மணி நேரத்தில் இறங்கியது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்