காட்டுக்கு ஒரு மாலை: திரைப்படச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

திரைப்படச் சங்கங்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

பல ஆண்டுகள் ஒளிப்பதிவு உதவியாளராக வேலை பார்த்தவன் நான். இப்போது ஒரு சிறு நகரத்துத் திரைப்படச் சங்கத்தில் உறுப்பினர். அடுத்த ஆறு மாதத்துக்கான படங்களை உறுப்பினர்களே பரிந்துரைக்கலாம் என்று போன ஆண்டு எங்கள் சங்கத்தில் அறிவித்தார்கள். நானும் ஒரு தாளில் மூன்று படங்களின் பெயரை எழுதிக் கொடுத்தேன். மூன்றும் அமெரிக்கக் காடுகளில், சொற்பப் பணத்தில் எடுக்கப்பட்டு 1980, 1981ஆம் ஆண்டுகளில் வெளிவந்தவை. கொலையாளி ஒருவன் இளைஞர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் ‘ஸ்லாஷர்’ வகையும் அதன் நெருங்கிய உறவும். செயற்குழுவில் தாளை வாங்கியவர் பாதி படித்ததுமே மடித்து வைத்துவிட்டார். “நம் சங்கத்துக்கென்று ஒரு தரம் இருக்கிறது ஐயா” என்றார். பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இதையெல்லாம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார்.

பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வாதாடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். பார்க்காமல் ஒதுக்கியதுதான் உறுத்துகிறது. 1959இல் சத்யஜித் ராய் தலைமையில் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது, கொட்டகைக்காரர்கள் தொடத் தயங்கும் படங்களை நாம் தேடிப் பார்ப்போம் என்ற துணிவு அதன் பின்னால் இருந்தது. அந்தத் துணிவின் பங்காளிகள் என்ற உரிமையில் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

இந்தப் படங்கள் ஏன் காட்டுக்குள் போயின என்பதிலிருந்து தொடங்குகிறேன். காடு வாடகை கேட்காது. அரங்கம் அமைக்கத் தச்சர்கள் வேண்டாம், பின்னணியில் நடமாடத் துணை நடிகர்கள் வேண்டாம், போக்குவரத்தை நிறுத்தக் காவல்துறையிடம் மனு கொடுக்க வேண்டாம். பெயர் தெரியாத ஏழெட்டு இளைஞர்களும் ஒரு மரக்குடிசையும் இருந்தால் கதை நகரும். ஆனால் இரவில் காட்டுக்கு ஒளியமைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். வீடு என்றால் சுவர் ஒளியைத் திருப்பித் தரும். காடு விழுங்கிவிடும். இரண்டு விளக்கை வைத்துக்கொண்டு போனால் முன்னால் நிற்கும் நாலைந்து அடிமரம் தெரியும், அதற்கப்பால் கரி பூசியதுபோல இருட்டு. பணமுள்ள படக்குழு ஜெனரேட்டர் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி அந்த இருட்டை விரட்டும். பணமில்லாதவர்கள் அதை அப்படியே விட்டார்கள். அடுத்த மரத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது நடிகைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த அச்சத்தின் பாதி, வாங்க முடியாமல் போன விளக்குகளிலிருந்து வந்தது.

என் பட்டியலின் முதல் படம் 1980இல் வந்த ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’. அதன் பின்னால் வந்த தொடர்ச்சிகளையும் கொலையாளியின் முகமூடியையும் வைத்து அதை எடைபோடாதீர்கள். முகமூடி மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. முதல் படம் தனி ஆட்கள் போட்ட பணத்தில், ஏறத்தாழ ஐந்தரை லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. இயக்குநர் ஷான் கன்னிங்ஹாம் 1979 ஜூலையில் ‘வெரைட்டி’ என்ற திரைத்தொழில் இதழில் படத்தின் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு விளம்பரம் கொடுத்தார். அப்போது திரைக்கதை எழுதி முடிந்திருக்கவில்லை. நியூ ஜெர்சியில் சாரணர்களின் கோடை முகாம் ஒன்று, பிள்ளைகள் ஊர் திரும்பிய பிறகு, செப்டம்பரில் காலியாகக் கிடந்தது. ஏரி, குடிசைகள், படுக்கைகள், சமையலறை எல்லாம் ஆயத்தமாக இருந்தன. அங்கேயே போய் எடுத்தார்கள். அந்த முகாம் இன்றும் சாரணர் முகாமாகவே நடக்கிறது.

ஒப்பனைக்காரர் டாம் சவீனியும் அவருடைய உதவியாளர் டாசோ ஸ்டாவ்ராகிஸும் செய்ததைத்தான் உங்கள் அரங்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறேன். இளம் கெவின் பேக்கன் கட்டிலில் படுத்திருக்கிறார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அம்பு அவர் கழுத்தைத் துளைத்துக்கொண்டு வருகிறது. நடிகர் கட்டிலுக்குக் கீழே மண்டியிட்டு, படுக்கையில் வெட்டிய ஓட்டை வழியே தலையை மட்டும் வெளியே நீட்டியிருந்தார். மேலே தெரிந்த கழுத்தும் மார்பும் பொய்யுடல். அதே கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டு ஒருவர் அம்பைத் தள்ள, இன்னொருவர் இரத்தத்தைப் பாய்ச்ச வேண்டும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே இரத்தக் குழாய் கழன்றுவிட்டது. இன்னொரு பொய்க்கழுத்து செய்ய நேரமும் இல்லை, காசும் இல்லை. ஸ்டாவ்ராகிஸ் குழாயை வாயில் வைத்து ஊதினார். திரையில் இரத்தம் ஒரே சீராகப் பீறிடாமல் விட்டுவிட்டுக் குமிழியிட்டு வருவதற்குக் காரணம் ஒரு மனிதனின் மூச்சு. இதை அறிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் வெறும் வன்முறையாகப் பார்க்க முடியவில்லை.

அதே படத்தில் ஹாரி மான்ஃப்ரெடினியின் இசை ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறது. கொலையாளி அருகில் இருக்கும்போதுதான் இசை வரும். நண்பன் விளையாட்டாகப் பயமுறுத்தும் இடங்களில் இசை கிடையாது. கொலையாளியின் முகத்தைக் காட்ட முடியாத கதையில் இசையே முகமாகிவிடுகிறது. பின்னணி இசை பற்றிச் சங்கங்களில் எத்தனையோ கருத்தரங்கம் நடத்துகிறோம். இவ்வளவு தெளிவான பாடம் அங்கெல்லாம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தக் கைவேலைக்கு ஒரு முன்னோர் உண்டு. 1971இல் இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவா ‘எ பே ஆஃப் பிளட்’ எடுத்தபோது கதைக்கு அடர்ந்த காடு வேண்டியிருந்தது, கிடைத்த இடத்திலோ மரங்கள் போதவில்லை. கேமராவுக்கு முன்னால் கிளைகளை ஆட்டச்சொல்லிக் காட்டை உண்டாக்கினார். ட்ராலிக்குப் பதிலாகக் குழந்தைகள் இழுத்து விளையாடும் வண்டியில் கேமராவை வைத்து நகர்த்தினார். ஒளிப்பதிவும் அவரே. பாவாவின் பெயரைச் சொன்னால் நம் சங்கங்களில் மரியாதை கிடைக்கும், அவர் ஐரோப்பியர் என்பதால். அவரிடமிருந்து கற்றுக்கொண்ட அமெரிக்கப் பையன்களுக்கு ஏன் அது இல்லை?

இரண்டாவது படம் ‘தி ஈவில் டெட்’. கண்டிப்பாகப் பார்த்தால் இது ஸ்லாஷர் அல்ல, பேய்ப்படம். ஆனாலும் அதே தெருக்காரர். மிச்சிகனைச் சேர்ந்த சாம் ரைமிக்கு அப்போது இருபது வயது. நண்பர்களோடு சேர்ந்து ‘விதின் தி வுட்ஸ்’ என்று ஒரு குறும்படத்தை சூப்பர் 8 என்ற சிறு படச்சுருளில் எடுத்து, ஊரிலிருந்த பல் மருத்துவர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் போட்டுக் காட்டிப் பணம் திரட்டினார். 1979 குளிர்காலத்தில் டென்னசி மாநிலத்தில் மோரிஸ்டவுன் அருகே ஒரு பாழடைந்த குடிசைக்குப் போனார்கள். நடந்தாலும் ஓடினாலும் கேமராவைக் குலுங்காமல் தாங்கும் ஸ்டெடிகேம் கருவி அப்போதே இருந்தது, இவர்களால் வாங்க இயலாது. ஒரு நீளப் பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தினார்கள். இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு புதர்களுக்கு இடையே ஓடினார்கள். பலகை நீளமாக இருந்ததால் ஓட்டத்தின் குலுக்கல் நடுவில் அடங்கியது. காட்டுக்குள் உருவமில்லாத ஒன்று தரையை உரசியபடி பாய்ந்து வருவது அப்படித்தான் பிறந்தது. 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்துப் பெரிதாக்கிய அந்தப் படம் 1981 அக்டோபரில் டெட்ராய்ட்டின் ரெட்ஃபோர்ட் திரையரங்கில் முதன்முதலாக ஓடியது.

அதன் படத்தொகுப்பில் உதவியாளராக இருந்த இளைஞர் ஜோயல் கோயன். ரைமி பணம் திரட்டிய வழியைப் பார்த்துத்தான் அவரும் தம்பி ஈத்தனும் தங்கள் முதல் படத்துக்கு ஒரு முன்னோட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போனார்கள். கோயன் சகோதரர்களின் படங்களை நம் சங்கங்கள் விழா எடுத்துத் திரையிடுகின்றன. அவர்கள் வந்த பாதை அந்தக் குடிசை வழியாகத்தான் போகிறது.

இனி உங்கள் எதிர்ப்புக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. இந்த வகையில் பெரும்பாலான படங்கள் மோசமானவை. ஒன்று ஓடியதும் அதையே நகலெடுத்து, நகலையும் நகலெடுத்துத் தள்ளினார்கள். என்னோடு உட்கார்ந்து சில படங்களைப் பார்த்த என் மகள், “ஓடுகிற பெண்கள் எல்லோரும் ஏன் தடுக்கியே விழுகிறார்கள்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ‘ஈவில் டெட்’டில் மரங்கள் ஒரு பெண்ணைத் தாக்கும் காட்சி கொடூரமானது, தேவையற்றது. ரைமியே பின்னாளில் அதற்காக வருந்தியிருக்கிறார். 1983இல் வந்த ‘ஸ்லீப்அவே கேம்ப்’ படத்தைப் பலர் கொண்டாடுகிறார்கள். அதன் கடைசிக் காட்சி ஒரு மனித உடலையே அருவருப்பாகக் காட்டுகிறது. அந்தப் படத்தைத் திரையிடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பெண்களைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடவில்லை. கரோல் க்ளோவர் என்ற அறிஞர், பழைய ஸ்காண்டிநேவிய இலக்கியத்தில் ஆய்வு செய்தவர், 1987இல் இந்தப் படங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரும் இறந்தபின் கொலையாளியை எதிர்த்து நிற்கும் பெண்ணுக்கு ‘இறுதிப் பெண்’ என்று பெயர் கொடுத்தவர் அவர்தான். தொடக்கத்தில் கொலையாளியின் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர் கூட்டம், கடைசியில் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு மாறி அவளோடு சேர்ந்து நடுங்குகிறது என்று காட்டினார். அவர் சொன்னதை மறுக்கவும் செய்யலாம். மறுப்பதற்காவது படத்தைப் பார்க்க வேண்டும் அல்லவா?

பார்க்காமல் தண்டிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பிரிட்டனைப் பாருங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே வீடியோ கேசட்டுகளின்மீது பெரும் பீதி கிளம்பியது. அரசு வழக்குத் துறை ஒரு பட்டியல் போட்டது, கடைகளில் போலீசார் புகுந்து அள்ளினார்கள். யூட்டா மாநிலத்துக் காட்டில் எடுத்த ‘டோன்ட் கோ இன் தி வுட்ஸ்’ அந்தப் பட்டியலில் இருந்தது. ஆபாசம் என்று பட்டியலில் சேர்த்த அதே படத்துக்கு 2007இல் ஒரு வெட்டும் இல்லாமல் பதினைந்து வயதுக்காரர்கள் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அது ஒன்றும் நல்ல படம் இல்லை. பின்னால் சேர்த்த குரல் உதட்டோடு பொருந்தாமல் நிற்கும். இருந்தும் அந்தக் கேசட்டை வாடகைக்குக் கொடுத்த சிறு கடைக்காரர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

மூன்றாவது படம்தான் என் நெஞ்சுக்கு நெருக்கமானது. ஜெஃப் லீபர்மன் இயக்கிய ‘ஜஸ்ட் பிஃபோர் டான்’. ஓரகன் மாநிலத்தின் சில்வர் ஃபால்ஸ் பூங்காவில் எடுத்தது. கொலைகள் குறைவு, காடு அதிகம். அருவியின் இரைச்சலுக்குள் ஒரு சீட்டியொலி கலந்து வரும். இசை பிராட் ஃபீடல், மூன்று ஆண்டு கழித்து ‘டெர்மினேட்டர்’ படத்துக்கு இசையமைத்தவர். பகல் வெளிச்சத்தில், பச்சைப்பசேல் என்ற இலைகளுக்கு நடுவே, நம்மை அறியாமல் தோள் இறுகும். மலையேற வந்தவர்களுக்கு அந்த நிலம் விடுமுறை, அங்கேயே பிறந்தவர்களுக்கு அது வீடு. இந்த மோதலைப் படம் வாய்விட்டுப் பேசுவதே இல்லை. நாயகி கதையின் போக்கில் மெல்ல மெல்ல மாறுவதும், கடைசியில் வெறுங்கையால் அவள் செய்யும் அந்தச் செயலும் நான் பார்த்த படங்களிலேயே மறக்க முடியாதவை. என்ன செய்கிறாள் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

எங்கள் சங்கத்துக்கு வரும் பையன்களும் பெண்களும் கையில் செல்பேசியோடு குறும்படம் எடுக்கத் துடிக்கிறார்கள். கூட்டம் முடிந்து வாசலில் நிற்கும்போது என்னிடம் கேட்பது ஒன்றுதான்: காசில்லாமல் எப்படி எடுப்பது? நாம் அவர்களுக்குக் காட்டும் மேதைகளின் படங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அரசோ தயாரிப்பு நிறுவனமோ நின்றது. பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களையும் குழாயை வாயால் ஊதியவரையும் அவர்கள் அறிந்தால் நாளைக் காலையே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இந்த மரபு முடிந்துபோகவும் இல்லை. 2024இல் கனடாவின் கிறிஸ் நாஷ், ‘இன் எ வயலன்ட் நேச்சர்’ படத்தில் கேமராவைக் கொலையாளியின் முதுகுக்குப் பின்னாலேயே நடக்கவிட்டார். பின்னணி இசை கிடையாது. சருகு மிதிபடும் ஓசையோடு நெடுநேரம் காட்டுக்குள் நடக்கிறோம். அது அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

நான் கேட்பது ஆண்டுக்கு ஒரே ஒரு மாலை. வயது வந்தவர்களுக்கு மட்டும். என்னென்ன காட்சிகள் வரும் என்பதை அழைப்பிதழிலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள், விரும்பாதவர்கள் வராமல் இருக்கட்டும். முதல் ஆண்டில் ‘ஜஸ்ட் பிஃபோர் டான்’ ஒன்றே போதும். படம் முடிந்ததும் ஒரு மணி நேரம் பேச ஒதுக்குங்கள். பெண் உறுப்பினர்கள் முதலில் பேசட்டும். கடுமையாகப் பேசினாலும் கேட்டுக்கொள்வோம். அரங்கின் கதவிடுக்குகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். இருட்டான காட்சிகளில் திரைமேல் வெளிச்சம் விழுந்தால் படமே போய்விடும். ஒளி, ஒலி வேலைகளை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். எந்த ஊராக இருந்தாலும் என் செலவில் வருகிறேன். உங்கள் செயற்குழுவில் இந்த மடலைக் கடைசிவரை படித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஓர் உறுப்பினன்