முதல் பருவ நிறைவும் லாங்வுட் சோலையில் ஓர் இரவும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. சுதந்திர தின விழா, விளையாட்டுப் போட்டிகள், அறிவியல் கண்காட்சி எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் சிறப்பாகப் பங்கேற்றார்கள். பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள். விடைத்தாள்கள் விடுமுறை முடிந்ததும் வழங்கப்படும்.

இந்தப் பருவத்தில் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, ஆகஸ்ட் மாத அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை இரவு லாங்வுட் சோலை ஓரத்தில் நடந்த அந்துப்பூச்சி, வௌவால் கணக்கெடுப்பைப் பற்றித்தான். கோத்தகிரிக்காரர்களாகிய நமக்கு அந்தச் சோலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 116 ஹெக்டேர் காடு. கீழேயுள்ள ஊர்கள் பலவற்றுக்குத் தண்ணீர் தருவது. 2024இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இருட்டிய பிறகு அங்கே என்ன நடக்கிறது என்பதை எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 22 பேர் வனத்துறை அனுமதியுடன் அன்று நேரில் பார்த்தார்கள்.

இரண்டு கம்புகளுக்கு நடுவே வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, முன்னால் புற ஊதா விளக்கை வைத்தோம். நிலவு இல்லாததால் அரை மணி நேரத்துக்குள் வேட்டி நிறையப் பூச்சிகள். வௌவாலின் குரல் நம் காதுக்கு எட்டாது. அதைக் கேட்கும் ஒலியாக மாற்றித் தரும் சிறு கருவியைப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். 'டிக், டிக்' என்று வந்த ஓசை, வௌவால் இரையை நெருங்க நெருங்க வேகமெடுத்து 'ட்ர்ர்ர்' என்று ஒரே இழுப்பாக முடியும். வகுப்பில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார முடியாத பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விரலில் பெரிய அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்து சிறகை நடுக்கிக்கொண்டே இருந்தது. குளிரில் அது உடனே பறக்க முடியாது, நடுங்கி நடுங்கி உடம்பைச் சூடேற்றிக்கொண்டுதான் கிளம்பும் என்று அறிவியல் ஆசிரியை சொன்னார். அது கிளம்பும்வரை அந்தப் பெண் கையை அசைக்கவே இல்லை.

இனி, மனவருத்தத்தோடு எழுதுவது. பிள்ளைகளை இரவு 9 மணிக்குச் சோலை வாசலில் அழைத்துக்கொள்ளுங்கள் என்று சுற்றறிக்கையில் கேட்டிருந்தோம். வாகனங்களைச் சாலை வளைவிலேயே நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டு நடந்து வரும்படியும் எழுதியிருந்தோம். சிலர் 8.15க்கே வந்து, முகப்பு விளக்கு எரிய வண்டியை வேட்டிக்கு நேராக நிறுத்தினார்கள். ஆர்வத்தில் வந்ததுதான், புரிகிறது. ஆனால் பூச்சிகள் அந்த வெளிச்சத்துக்குத் திரும்பிவிட்டன. கடைசி முக்கால் மணி நேரக் கணக்கு பயனற்றுப் போனது. வெளிர்பச்சை நிறத்தில் நீண்ட வால் கொண்ட நிலா அந்துப்பூச்சி ஒன்று டயருக்கடியில் நசுங்கிக் கிடந்தது. வளர்ந்த பிறகு அதற்கு உண்ண வாயே கிடையாது. ஒரு வாரம் போல உயிர்வாழ்ந்து முட்டையிட்டு முடிந்துவிடும். அதை எடுத்துத் தாளில் வைத்த மாணவன் வெகுநேரம் யாரோடும் பேசவில்லை.

தாமதமாக வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 9.45க்கு ஏழு பிள்ளைகள் வாசலில் நின்றிருந்தார்கள். கடைசிப் பிள்ளை கிளம்பியபோது மணி 10.40. தொழிற்சாலையில் இரவுப் பணி, பச்சைத் தேயிலை ஏற்றும் வேலை, பஸ் கிடைக்காதது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும். நான் அறியாதவன் அல்ல. விரலில் பூச்சியை வைத்திருந்த அதே பெண்ணும் ஸ்வெட்டருக்குள் நடுங்கியபடி, "நானும் சூடேற்றிக்கொள்கிறேன் சார்" என்றாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

காத்திருந்து சலித்த ஒரு மாணவன் யாரிடமும் சொல்லாமல் தனியே வீட்டுக்கு நடக்கத் தொடங்கிவிட்டான். வேட்டைத் தடுப்புக் காவலர் ஓடிப்போய்த் திருப்பி அழைத்து வந்தார். அந்த வாரம்தான் அதே சாலையில் குட்டியோடு கரடி நடமாடியதை உங்களில் பலர் பார்த்தீர்கள். பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பு எங்களுடையது. அதில் நேர்ந்த தவறு என்னுடையது, அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிதான். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மார்ச் மாதக் கணக்கெடுப்புக்கு, அழைத்துச் செல்ல வருபவரின் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிக் கையெழுத்திட்ட படிவம் தந்தவர்களின் பிள்ளைகளை மட்டுமே அழைத்துச் செல்வோம். வர இயலாதவர்கள் தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆசிரியர் ஒருவர் துணையோடு பள்ளி வேனிலேயே வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறோம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அன்றிரவு தம் ஜீப்பில் பக்கத்து ஹட்டியின் (படுகர் கிராமத்தின்) பிள்ளைகள் நான்கு பேரையும் ஏற்றிச் சென்ற தந்தைக்கும், பெரிய பிளாஸ்க் நிறையச் சுக்குக் காபி கொண்டுவந்து காவலர்களுக்கும் ஊற்றிக் கொடுத்த பாட்டிக்கும், சொன்னபடியே விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நடந்து வந்த அத்தனை பேருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் நம்பி அனுப்பியதால்தான் இது நடந்தது. பிள்ளைகள் வரைந்த அந்துப்பூச்சிப் படங்கள் நூலகச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன. விடைத்தாள் வாங்க வரும்போது அவசியம் பாருங்கள். படிவமும் அன்றே அலுவலகத்தில் கிடைக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்