புள்ளியும் வரியும்: புலிகள் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தாருக்கு, செட்டிநாட்டிலிருந்து வணக்கம்.

புள்ளி, வரி என்றால் உங்களுக்கு மானும் புலியும் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது கோயில் கணக்கு. நகரத்தாரில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. அவர்கள் கோயிலுக்குக் கட்டுவது புள்ளி வரி. சிங்கப்பூரில் குடியிருந்தாலும் ஊர்க் கணக்கில் அந்தப் புள்ளி இருக்கும்.

எங்கள் பக்கம் புலி கிடையாது. கண்மாயும் ஊரணியும் சீமைக்கருவேலமும்தான். போதாக்குறைக்கு எங்கள் வீட்டு முகப்புத் தூண்கள் பர்மா தேக்கு. அந்த மரங்கள் நின்ற காட்டில் என்னென்ன திரிந்தன என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. அதனால் காட்டைப் பற்றிப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்குக் கொஞ்சம் குறைவுதான். நான் எழுதுவது ஊரை விட்டுப் போவதைப் பற்றி. அது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் உங்களுக்கு ஒரு கும்பிடு. 1973-இல் ஒன்பது காப்பகங்களோடு தொடங்கிய புலிகள் திட்டம், ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சாமல் போன அவமானத்தையும் பார்த்தது. அதற்குப் பிறகுதான் உங்கள் ஆணையமே வந்தது. நாட்டில் மொத்தப் புலிகள் 2006 கணக்கெடுப்பில் 1,411 என்று மதிப்பிட்டது 2022-இல் 3,682. தமிழ்நாட்டில் மட்டும் 76-லிருந்து 306. வைகை பிறக்கும் மலைகளும் 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைக் காப்பகத்துக்குள் வந்துவிட்டன. அந்த ஆற்றை நம்பித்தான் எங்கள் மாவட்டத்தில் மானாமதுரைப் பக்கம் விவசாயம் நடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூனில் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினீர்கள். காப்பகங்களின் மையப் பகுதிகளில் இன்னும் 591 ஊர்கள், 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, இடமாற்றத்தை விரைவுபடுத்துங்கள் என்று. இடம்பெயரும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய். ஆனால் சட்டம் சொல்லும் வரிசையே வேறு: முதலில் வன உரிமைகளைத் தீர்க்க வேண்டும், அப்புறம் கிராம சபையும் குடும்பமும் விவரம் தெரிந்து மனமாரச் சம்மதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் இடமாற்றம். சம்மதத்தை விரட்டி வாங்க முடியுமா?

முதுமலையிலிருந்து இப்படி வெளியேறியவர்களில் மவுண்டாடன் செட்டிகள் உண்டு, பணியரும் காட்டுநாயக்கரும் உண்டு. (செட்டி என்றதும் நமக்கு உறவோ என்று விசாரித்தேன். இல்லை, பெயர் மட்டும்தான்.) பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வளவு வீடும் வருடத்தில் பத்து நாள் திறந்திருந்தால் அதிகம். ஆனாலும் சாவி இடுப்பில் இருக்கிறது. படைப்புக்குப் பங்காளிகள் பதினோரு புள்ளியும் வந்து, செத்தவர்களுக்கு வேட்டியும் சேலையும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, சண்டையும் போட்டுவிட்டுப் போகிறோம். எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. பணத்துக்காகத்தான் போனோம். இருந்தும் திரும்ப வர வழி இருந்தது.

காட்டை விட்டு வருபவருக்குப் பணம் கொடுக்கிறீர்கள், சாவி கொடுப்பதில்லை. அவர்களுடைய சாமி நிற்கும் மரம், முன்னோரைப் புதைத்த மேடு, வருடத்தில் எந்த நாள், எந்தப் பாதை என்பதைக் கையெழுத்துக்கு முன்னாலேயே ஊராரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாளில் உள்ளே வருவது வனச்சரகர் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையாக இல்லாமல், ஆணையில் எழுதிய உரிமையாக இருக்கட்டும். போக மனமில்லாதவர்களை விட்டுவிடுங்கள். சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரிரங்கன் மலையில், புலிக் காப்பகத்துக்குள்ளேயே சோளகர் பழங்குடியினருக்கு 2011-இல் சமூக வன உரிமை கொடுத்தார்கள். அங்கே புலியும் இருக்கிறது, அவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் அதிகாரிகள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுப் பழைய பேரேட்டைக் காட்டுகிறேன். மூன்று தலைமுறைக்கு முன்னால் கப்பலேறியவர்களின் பெயரை இன்னும் யாரும் அடிக்கவில்லை.

இப்படிக்கு,
கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு புள்ளி